முதல் முந்நூறு ஆண்டுகளில் கிறிஸ்தவச் சபை எப்படிப் பரவியது?

கேள்வி இதுதான்: கலிலேயா மீனவர்கள் சிலரிடம் தொடங்கிய ஒரு நம்பிக்கை, படையும் பணமும் இல்லாமல், மூன்றே நூற்றாண்டுகளில் ரோமப் பேரரசு முழுவதும் எப்படிப் பரவியது? கான்ஸ்டன்டைன் பேரரசர் அந்தப் பக்கம் சாய்ந்ததுதானே உண்மையான காரணம்?

இரண்டாம் பகுதிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. கான்ஸ்டன்டைன் வந்து சேர்ந்தபோது பயிர் முற்றி நின்றது. அதை விதைத்தவர்கள் யார் என்று தேடினால், பெரும்பாலும் பெயரில்லாதவர்களைத்தான் காண்கிறோம்.

திருச்சபை வரலாற்றைப் பல ஆண்டுகள் கற்பித்தவன் நான். இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் ஒரு பறிமுதல் பட்டியலைத்தான் முதலில் வாசித்துக் காட்டுவேன். 303-ஆம் ஆண்டு மே 19. இடம் வட ஆப்பிரிக்காவில் உள்ள சிர்டா நகரம். வழிபாட்டு இடங்களை இடித்து, வேதநூல்களைக் கைப்பற்றி எரிக்க வேண்டும் என்று பேரரசர் டயோக்ளீஷியன் ஆணையிட்டிருந்தார். நகர அதிகாரி எழுத்தர்களோடு கிளம்பி, கிறிஸ்தவர்கள் கூடும் வீட்டுக்குப் போனார். அன்று எழுதிய குறிப்பு 320-இல் ஒரு விசாரணையில் சான்றாக வாசிக்கப்பட்டதால் நம் கைக்கு வந்திருக்கிறது. பொற்கிண்ணங்கள் 2, வெள்ளிக் கிண்ணங்கள் 6, வெள்ளி விளக்குகள் 7 என்று பட்டியல் போகிறது. அதன்பின் வருவது இது: பெண்களின் அங்கிகள் 82, முக்காடுகள் 38, ஆண்களின் அங்கிகள் 16, ஆண்களின் காலணிகள் 13 ஜோடி, பெண்களின் காலணிகள் 47 ஜோடி.

வழிபாடு நடக்கும் வீட்டில் எண்பத்திரண்டு பெண்களின் அங்கிகளுக்கு என்ன வேலை? உடுக்க இல்லாதவர்களுக்குக் கொடுப்பதற்காகச் சேர்த்து வைத்தவை என்பதே பொருத்தமான விளக்கம். பெண்களின் துணியும் செருப்பும் ஏன் இத்தனை அதிகம் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். நூல் அலமாரிகள் காலியாக இருந்தன. சபையில் வேதம் வாசிப்பவர்கள் நூல்களைத் தங்கள் வீடுகளுக்கு எடுத்துப் போயிருந்தார்கள். அதிகாரிகள் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். ஒருவர் இலக்கண ஆசிரியர். இன்னொரு வீட்டில் மனைவிதான் ஆறு நூல்களை எடுத்து வந்து கொடுத்தார். கான்ஸ்டன்டைன் அப்போது டயோக்ளீஷியனின் அரண்மனையில் ஓர் இளம் அதிகாரி, அவ்வளவுதான். அந்தச் சபையின் வீடும் அலமாரியும் துணி மூட்டையும் அவரைக் கேட்டு உருவாகவில்லை.

எண்ணிக்கைக்கு வருவோம். இயேசு சிலுவையில் அறையப்பட்டது ஏறத்தாழ 30-ஆம் ஆண்டில். அதற்குப்பின் எருசலேமில் கூடியிருந்தவர்கள் சுமார் 120 பேர் என்று புதிய ஏற்பாட்டின் அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. 300-ஆம் ஆண்டளவில் பேரரசின் ஆறு கோடி மக்களில் பத்தில் ஒரு பங்கு வரை கிறிஸ்தவர்களாக இருந்திருக்கலாம் என்பது பரவலாக ஏற்கப்படும் மதிப்பீடு. இந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கிறவர்கள் மலைத்துப்போய், ஏதோ பெருங்கூட்டங்கள் ஒரே நாளில் மாறியிருக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். கூட்டுவட்டிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 40-ஆம் ஆண்டில் ஆயிரம் பேர் என்று வைத்துக்கொள்வோம். பத்து ஆண்டுக்கு 40 விழுக்காடு பெருகினால் 100-ஆம் ஆண்டில் ஏழாயிரத்து ஐந்நூறு பேர்தான். 200-இல் இரண்டு லட்சத்துக்குச் சற்று மேல். 300-இல் 63 லட்சம். பத்து ஆண்டுக்கு 40 விழுக்காடு என்றால் நூறு பேர் உள்ள சபையில் ஆண்டுக்கு மூன்று அல்லது நான்கு பேர் கூடுவது. பிறந்த குழந்தைகளும் அதில் அடக்கம். அதற்குப் பெருங்கூட்டமும் வேண்டாம், அரசாணையும் வேண்டாம். அடுத்த வீட்டுக்காரரும் சம்பந்தியும் கூடவே வேலை பார்ப்பவரும் போதும்.

நிலமும் பண்பட்டிருந்தது. பாபிலோனிலிருந்து ரோம் வரை யூதர்கள் சிதறி வாழ்ந்தார்கள்; குடியேறிய நகரங்களிலெல்லாம் அவர்களுக்கு ஜெபாலயம் இருந்தது. வேதம் கிரேக்கத்தில் பெயர்க்கப்பட்டு இரண்டு நூற்றாண்டுகள் கடந்திருந்தன. ஒரே கடவுள் என்ற கொள்கையாலும் ஒழுக்கத்தாலும் ஈர்க்கப்பட்டு, யூதராகச் சேரும் ஆண்களுக்கு முன்தோலை நீக்கும் சடங்கான விருத்தசேதனத்துக்குத் தயங்கி, வாசலோரம் நின்ற பிற இனத்தார் பலர் இருந்தார்கள். தேவனுக்குப் பயப்படுகிறவர்கள் என்று வேதம் சொல்வது இவர்களைத்தான். 49-ஆம் ஆண்டு வாக்கில் எருசலேமில் கூடிய அப்போஸ்தலர்களும் மூப்பர்களும், பிற இனத்தாருக்கு விருத்தசேதனம் கட்டாயமில்லை என்று முடிவு செய்தார்கள். சபையின் வரலாற்றில் இதைவிடப் பெரிய முடிவு எடுக்கப்படவில்லை என்பேன். வாசலோரம் நின்றவர்கள் உள்ளே வர அதனால்தான் வழி பிறந்தது. சிரியாவின் அந்தியோகியாவில் யூதரும் கிரேக்கரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். ஊரார் அவர்களுக்குக் ‘கிறிஸ்தவர்கள்’ என்று பெயர் வைத்ததும் அங்கேதான்.

பவுலைப் பற்றி எல்லாருக்கும் தெரியும் என்பதால் அவருடைய பயணங்களை விவரிக்கப் போவதில்லை. அவர் ரோமருக்கு எழுதிய நிருபத்தின், அதாவது கடிதத்தின், கடைசி அதிகாரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வெறும் பெயர்ப்பட்டியல் என்று பிரசங்கிகள் பலர் தாண்டிப்போகும் அதிகாரம் அது. எனக்கோ அதுதான் பொக்கிஷம். 57-ஆம் ஆண்டை ஒட்டி அவர் அதை எழுதியபோது ரோமில் காலடி வைத்ததே இல்லை. ஆனாலும் அந்த ஊரில் இருபதுக்கும் மேற்பட்டவர்களுக்கு வாழ்த்துச் சொல்கிறார். அதாவது அவர் போவதற்கு முன்பே அங்கே சபை இருந்திருக்கிறது. அதைத் தொடங்கியவர் யார் என்று அந்த நிருபம் சொல்லவில்லை. 49-இல் கிலவுதியு பேரரசர் யூதர்களை ரோமைவிட்டு வெளியேற்றியபோது கொரிந்துக்கு வந்து சேர்ந்த ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் என்ற தம்பதியிடம்தான் பவுல் முதலில் தங்கினார். மூவருக்கும் ஒரே தொழில், கூடாரம் தைப்பது. சரக்கோடும் ஊசி நூலோடும் அகதிகளோடும்தான் நற்செய்தி பயணம் செய்தது.

அந்தப் பெயர்களைக் கவனியுங்கள். அம்பிலியா, பெர்சியாள் போன்றவை அன்று அடிமைகளுக்கும் விடுதலை பெற்ற அடிமைகளுக்கும் வழக்கமாக இருந்த பெயர்கள். பெண்கள் பலர். நிருபத்தை ரோமுக்குக் கொண்டுபோனவர் கொரிந்துத் துறைமுகமான கெங்கிரேயாவின் சபை ஊழியக்காரி பெபேயாள் என்பது பரவலான கருத்து. பவுல் சொல்லச் சொல்ல எழுதியவர் தெர்தியு. அவரே இடையில் ‘நானும் உங்களை வாழ்த்துகிறேன்’ என்று ஒரு வரி சேர்த்துக்கொள்கிறார். ஆக்கில்லா தம்பதியை வாழ்த்தும்போது ‘அவர்களுடைய வீட்டிலே கூடுகிற சபையையும்’ என்கிறார் பவுல். வீடு என்ற அந்தச் சொல்லில்தான் பரவலின் இரகசியம் இருக்கிறது. பிலிப்பியில் இரத்தாம்பரம் என்ற விலையுயர்ந்த ஊதாத் துணி விற்ற லீதியாள் மனம் மாறினார். அவருடைய வீட்டார் அனைவரும் ஞானஸ்நானம் பெற்றார்கள். அன்றைய வீடு என்பது பெற்றோரும் பிள்ளைகளும் மட்டும் இருந்த இடமன்று. உறவினர், அடிமைகள், விடுதலை பெற்றவர்கள், பட்டறையில் வேலை செய்தவர்கள், கடனாளிகள், விருந்தினர் எல்லாரும் அதில் அடக்கம். ஒரு வீட்டின் கதவு திறந்தால் ஒரு சிறு ஊரே உள்ளே வந்த மாதிரி.

அப்படி ஒரு வீட்டை இன்று நாம் பார்க்க முடியும். யூப்ரடீஸ் ஆற்றங்கரையில், இன்றைய சிரியாவில், டூரா யூரோபஸ் என்ற எல்லைக்கோட்டை நகரம் இருந்தது. 256-இல் பாரசீகப் படை முற்றுகையிட்டபோது, மதிலைப் பலப்படுத்துவதற்காக மதிலோரத் தெருவின் வீடுகளை மண்கொட்டி மூடினார்கள். அதனாலேயே அவை அழியாமல் தப்பின. 1930-களின் தொடக்கத்தில் தோண்டியபோது ஒரு சாதாரணக் குடும்ப வீடு கிடைத்தது. இரண்டு அறைகளுக்கு நடுவே இருந்த சுவரை எடுத்துவிட்டு, எழுபது பேர் அளவில் அமரக்கூடிய கூடமாக மாற்றியிருந்தார்கள். ஒரு சிற்றறையில் ஞானஸ்நானத் தொட்டி. அதன் சுவர்களில் ஆட்டைத் தோளில் சுமக்கும் மேய்ப்பர், தண்ணீர்மேல் நடக்கும் இயேசு, கல்லறைக்கு விளக்கேந்திப் போகும் பெண்கள். அதே மதிலோரத்தில் யூத ஜெபாலயமும் மித்ரா தெய்வத்தின் கோயிலும் இருந்தன. வெளியிலிருந்து பார்த்தால் தெருவின் மற்ற வீடுகளுக்கும் இதற்கும் வேறுபாடு தெரியாது. நமக்குக் கிடைத்துள்ள இயேசுவின் உருவங்களில் மிகப் பழையவற்றுள் சில இந்த வீட்டுச் சுவரில்தான் இருந்தன.

இந்த முறையை எதிரிகளே கவனித்து எரிச்சல்பட்டார்கள். 178 வாக்கில் செல்சஸ் என்ற தத்துவவாதி கிறிஸ்தவத்தைத் தாக்கி எழுதினார். அவருடைய நூல் இன்று இல்லை. மறுப்பதற்காகக் கிறிஸ்தவ அறிஞர் ஓரிகன் எடுத்து எழுதிய பகுதிகள்தான் எஞ்சியிருக்கின்றன. கம்பளி நெய்கிறவர்கள், செருப்புத் தைக்கிறவர்கள், துணி வெளுக்கிறவர்கள், எழுத்தறிவில்லாத நாட்டுப்புறத்தார், இவர்கள்தான் வீடுகளுக்குள் புகுந்து பிள்ளைகளிடமும் பெண்களிடமும் இரகசியமாகப் போதிக்கிறார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. எஜமானர் எதிரே வாய் திறக்க மாட்டார்களாம். தனியே கிடைத்தால் பட்டறைக்கு வா, அங்கே சொல்கிறேன் என்பார்களாம். இகழ்ச்சியாகத்தான் எழுதினார். ஆனால் சபையின் வளர்ச்சியைப் பற்றி இதைவிட நேர்மையான சாட்சியம் எனக்குத் தெரியவில்லை. கைத்தொழிலாளிகளுக்கும் அடிமைகளுக்கும் கடவுளைப் பற்றிப் பேசும் தகுதி உண்டு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர்களும் அதை நம்பியிருக்கிறார்கள். செல்சஸைப் போன்ற ஒருவருக்கு அது பொறுக்காததில் வியப்பில்லை.

அதற்கு அறுபது எழுபது ஆண்டுகள் முன்பே, 112 வாக்கில், கருங்கடல் கரையில் பித்தினியா மாகாணத்தின் ஆளுநராக இருந்த பிளினி, பேரரசர் டிராஜனுக்கு ஒரு கடிதம் எழுதினார். எல்லா வயதினரும், எல்லாத் தரத்தினரும், ஆண்களும் பெண்களும் இதில் இருக்கிறார்கள், நகரங்களைத் தாண்டிக் கிராமங்களிலும் வயல்வெளிகளிலும் இந்தத் தொற்று பரவியிருக்கிறது, கோயில்கள் வெறிச்சோடின, பலி விலங்குகளை வாங்க ஆளில்லாமல் இருந்தது என்கிறார். விசாரித்ததில் அவர் கண்டுபிடித்த குற்றம் இவ்வளவுதான்: குறிப்பிட்ட நாளில் விடியும் முன் கூடுகிறார்கள், கிறிஸ்துவைக் கடவுளாக எண்ணிப் பாடுகிறார்கள், திருட மாட்டோம், விபசாரம் செய்ய மாட்டோம், வாக்குத் தவற மாட்டோம் என்று உறுதி எடுக்கிறார்கள், பின்பு கூடிச் சாதாரண உணவை உண்கிறார்கள். இது உண்மையா என்று அறிய இரண்டு அடிமைப் பெண்களை அவர் சித்திரவதை செய்தார். சபையில் அவர்கள் ஊழியக்காரிகள் என்று அழைக்கப்பட்டதாகவும் எழுதுகிறார். பெயர்கள் இல்லை. சட்டத்தின் கண்ணில் பொருளாக இருந்த இரண்டு பெண்கள் ஒரு சபைக்குப் பொறுப்பாக இருந்திருக்கிறார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் அந்த இரு பெண்களின் பெயர்களைப் பிளினி ஒரு வரியில் எழுதியிருக்கக் கூடாதா என்று மனம் ஏங்கும்.

சிர்டாவின் அந்தத் துணிப் பட்டியலை இப்போது நினைத்துக்கொள்ளுங்கள். பெண்கள் ஏன் இவ்வளவு பேர் வந்தார்கள்? எகிப்தில் கிடைத்த ஒரு பாப்பிரஸ் கடிதத்தைச் சொல்ல வேண்டும். கி.மு. 1-ஆம் ஆண்டில், வேலைக்காக அலெக்சாந்திரியா போயிருந்த ஹிலாரியன் என்பவர் கர்ப்பிணி மனைவிக்கு எழுதியது. குழந்தையைப் பார்த்துக்கொள், கூலி கிடைத்ததும் அனுப்புகிறேன் என்று பாசமாக எழுதியவர், அதே மூச்சில் ஆண் பிறந்தால் வைத்துக்கொள், பெண் பிறந்தால் வீசிவிடு என்கிறார். அவர் கொடியவர் இல்லை. அன்றைய வழக்கம் அது. குழந்தையை வீசுவதையும் கருவை அழிப்பதையும் சபை தொடக்கத்திலிருந்தே தடை செய்தது. மனைவிக்குக் கேட்ட அதே உண்மையைக் கணவனிடமும் கேட்டது. விதவையை மறுமணத்துக்கு வற்புறுத்தாமல், அவளுக்குச் சோறும் சபையில் ஒரு மதிப்பான இடமும் கொடுத்தது. இத்தனைக்கும் அன்றைய சபையைச் சமத்துவத்தின் முழு வடிவம் என்று நான் சொல்ல மாட்டேன். அடிமை முறையை அது ஒழிக்கவில்லை. பெண்கள் வாய் திறக்கக் கூடாது என்ற குரலும் அதற்குள்ளேயே எழுந்தது. ஆனால் ஒரு பெண்ணுக்கு அன்று கிடைத்த மாற்று வழிகளோடு வைத்து எடைபோட்டால், அவள் எதைத் தேர்ந்தெடுத்தாள் என்பது புரியும்.

இனிப் பணம். 197-இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரைச் சேர்ந்த கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் சபையின் பொதுப்பெட்டியைப் பற்றி எழுதினார். மாதம் ஒருநாள் அவரவர் விரும்பிய அளவு போடுகிறோம், கட்டாயமில்லை. அந்தப் பணம் விருந்துக்குப் போவதில்லை, ஏழைகளுக்கு உணவிடவும் அவர்களை அடக்கம் செய்யவும், பெற்றோரற்ற பிள்ளைகளுக்கும், வயதான அடிமைகளுக்கும், கப்பல் உடைந்து தவிப்பவர்களுக்கும், சுரங்கங்களிலும் தீவுகளிலும் சிறைகளிலும் இருப்பவர்களுக்கும் போகிறது என்கிறார். அடக்கச் செலவு முதலிலேயே வருவதைக் கவனியுங்கள். ரோமில் ஏழை இறந்தால் பொதுக்குழியில் போடுவார்கள் என்ற அச்சம் பெரிது. பாதாளக் கல்லறைகளில் கிறிஸ்தவர்கள் ஒளிந்து வாழ்ந்தார்கள் என்று படங்களில் காட்டுவார்கள். அது சரியல்ல. அவை சபை தன் ஏழைகளை மரியாதையோடு அடக்கம் செய்த இடங்கள். அவற்றில் முக்கியமான ஒன்றுக்குப் பொறுப்பாளராக இருந்த கலிஸ்துஸ் ஒரு காலத்தில் அடிமை. பின்னாளில் ரோமின் பிஷப்பானார்.

251-இல் ரோமின் பிஷப் கொர்னேலியுஸ் ஒரு கடிதத்தில் தன் சபையின் கணக்கைத் தருகிறார்: மூப்பர்கள் 46, உதவிக்காரர்கள் 7, துணை உதவிக்காரர்கள் 7, அவர்களுக்கும் கீழே வெவ்வேறு நிலைகளில் ஊழியர்கள்; சபை உணவளித்துப் பராமரிக்கும் விதவைகளும் வறியவர்களும் 1,500-க்கு மேல். அரசு ஏற்காத, எந்த நேரமும் தடைசெய்யப்படக்கூடிய ஓர் அமைப்பு, தலைநகரில் ஆயிரத்தைந்நூறு பேருக்குச் சோறு போட்டது.

அதே ஆண்டுகளில் பெரும் கொள்ளைநோய் ஒன்று பேரரசைச் சூறையாடியது. 250-களில் அது அலையலையாக வந்தது. அலெக்சாந்திரியாவில் நோயாளிகளைச் சொந்த வீட்டாரே தெருவில் தள்ளிவிட்டு ஓடினார்கள் என்று அந்நகர பிஷப் தியொனீசியஸ் எழுதுகிறார். சபையைச் சேர்ந்தவர்களோ, அவர்களுள் மூப்பர்களும் உதவிக்காரர்களும் சாதாரண விசுவாசிகளும், நோயாளிகளைத் தூக்கிப் பணிவிடை செய்து, அதே நோயில் இறந்தார்கள். கார்த்தேஜில் பிஷப் சிப்ரியன், நம்மைத் துன்புறுத்துகிறவர்களையும் கவனியுங்கள் என்று சபையைத் தூண்டினார். இவையெல்லாம் கிறிஸ்தவர்களே தங்களைப் பற்றி எழுதியவை என்று நீங்கள் சொல்லலாம். சரி, எதிரியின் வாக்குமூலத்தைக் கேளுங்கள். 361 முதல் 363 வரை ஆண்ட ஜூலியன் பேரரசர் கிறிஸ்தவத்தை விட்டு விலகி, பழைய தெய்வ வழிபாட்டை மீட்க உயிரைக் கொடுத்து உழைத்தவர். கலாத்தியாவின் தலைமைப் பூசாரிக்கு எழுதிய கடிதத்தில், அந்தக் கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் அழைப்பார்) தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் சேர்த்துக் காப்பாற்றுகிறார்கள், நம்மவருக்கு நம்மிடமிருந்து உதவி கிடைக்கவில்லை என்பது எல்லார் கண்ணிலும் படுகிறது என்று வருந்துகிறார். நோயில் மருந்து பெரிதாக ஒன்றும் இல்லாத அந்தக் காலத்தில், வாயில் தண்ணீர் ஊற்றி உடம்பைத் துடைத்துவிட ஒருவர் பக்கத்தில் இருந்தாலே பிழைத்தவர்கள் பலர். பிழைத்து எழுந்தவர் யாரை நன்றியோடு நினைப்பார்?

ஒரு சபை இன்னொரு சபையோடு எப்படி இணைந்திருந்தது என்பதும் முக்கியம். கடிதங்களால் இணைந்திருந்தது. அந்தியோகியாவின் பிஷப் இக்னேஷியஸ் மரண தண்டனைக்காக ரோமுக்கு இழுத்துச் செல்லப்பட்ட வழியிலேயே ஏழு கடிதங்கள் எழுதினார். 180-இல் கார்த்தேஜில் ஆளுநர் முன்னால் நிறுத்தப்பட்ட சில்லியம் ஊரார் பன்னிருவரிடம், பெட்டியில் என்ன என்று கேட்கப்பட்டது. நீதிமானான பவுலின் நிருபங்கள் என்றார்கள். சுருள் ஏடு வழக்கத்தில் இருந்த காலத்தில், தைத்த புத்தக வடிவத்தைக் கிறிஸ்தவர்கள் ஆர்வத்தோடு ஏற்றார்கள். மடியில் வைத்துப் பயணம் செய்ய அது எளிது. பயணிகளுக்கு எந்த ஊரிலும் தங்க வீடு கிடைத்தது. அதை ஏமாற்றுக்காரர்கள் பயன்படுத்திக்கொள்வார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. டிடாக்கே என்ற மிகப் பழைய வழிகாட்டி நூல், வந்த ஊழியர் மூன்று நாள் தங்கினால் அவர் போலி, பணம் கேட்டாலும் போலி, குடியிருக்க விரும்பினால் தொழில் செய்து சாப்பிடட்டும் என்று கண்டிப்பாகச் சொல்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. கதவைத் திறந்தும் வைத்தார்கள், கண்ணையும் திறந்து வைத்தார்கள்.

இன்றைய துருக்கியில் பிரிகியாவைச் சேர்ந்த அவிர்சியஸ் என்பவர் தம் 72-ஆம் வயதில், தம் கல்லறைக்கான வாசகத்தைத் தாமே எழுதிவைத்தார். 216-க்கு முற்பட்டது. ரோமுக்குப் போனேன், சிரியாவின் சமவெளியையும் நகரங்களையும் கண்டேன், யூப்ரடீஸைக் கடந்து நிசிபிஸ் வரை போனேன், எங்கும் உடன்பிறப்புகள் கிடைத்தார்கள் என்கிறது அந்தக் கல். பேரரசின் ஒரு கோடியிலிருந்து எல்லைக்கு அப்பால் வரை ஒரே அப்பத்தையும் திராட்சரசத்தையும் பகிர்ந்துண்ட ஒரு குடும்பம், கான்ஸ்டன்டைனுக்கு நூறு ஆண்டுகள் முன்பே இருந்தது. 256-இல் சிப்ரியன் கூட்டிய சங்கத்துக்கு வட ஆப்பிரிக்காவிலிருந்து மட்டும் 87 பிஷப்புகள் வந்தார்கள்.

துன்புறுத்தலைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. முந்நூறு ஆண்டுகளும் இடைவிடாமல் சிங்கத்துக்குப் போட்டார்கள் என்று நினைக்கிறார்கள். 64-இல் ரோம் எரிந்தபோது பேரரசர் நீரோ கிறிஸ்தவர்கள்மேல் பழிபோட்டுக் கொன்றது தலைநகரோடு நின்றது. அதன்பின் பெரும்பாலும் ஊருக்கு ஊர், ஆளுநருக்கு ஆளுநர் மாறுபட்டது. தேடிப் பிடிக்க வேண்டாம், அநாமதேயப் புகார்களை ஏற்க வேண்டாம் என்று டிராஜனே பிளினிக்குப் பதில் எழுதினார். பேரரசு முழுவதும் பாய்ந்த முதல் ஆணை 250-இல் பேரரசர் டெசியஸ் போட்டது. எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் பெற வேண்டும் என்றார். அந்தச் சான்றிதழ்கள் நாற்பதுக்கும் மேல் எகிப்தில் கிடைத்திருக்கின்றன. முதலைத் தெய்வத்தின் பூசாரிப் பெண் வாங்கியதுகூட அவற்றில் ஒன்று. கிறிஸ்தவர்கள் பலர் பயந்து பலியிட்டார்கள், பலர் இலஞ்சம் கொடுத்துச் சான்றிதழ் வாங்கினார்கள். அவர்களைத் திரும்பச் சேர்ப்பதா என்று சபை பல ஆண்டுகள் சண்டையிட்டது. இதை மறைப்பதில் எந்தப் பக்திப் பயனும் இல்லை.

இரத்தசாட்சிகளின் இரத்தம் விதை என்ற தெர்த்துல்லியனின் வாக்கு எல்லாருக்கும் மனப்பாடம். எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் இறந்தவர்கள் சிலர்தான். பார்த்தவர்களோ பல்லாயிரவர். 177-இல் இன்றைய பிரான்சின் லியோன் நகர அரங்கில் பிளாந்தினாள் என்ற அடிமைப் பெண்ணை வதைத்தார்கள். சிறிய உடம்பு, தாங்க மாட்டாள் என்று அவளுடைய எஜமானியே அஞ்சியிருந்தாள்; அவளும் கிறிஸ்தவள். வதைத்தவர்கள்தான் களைத்துப்போனார்கள். 203-இல் கார்த்தேஜில் பெர்பெத்துவா, 22 வயது வாக்கில் இருந்தவர், கையில் பால்குடிக் குழந்தை. சிறையில் அவர் எழுதிய நாட்குறிப்பு இன்றும் இருக்கிறது. அவரோடு சிறையிலிருந்த அடிமைப்பெண் பெலிசித்தா அங்கேயே குழந்தை பெற்றாள். செல்வக் குடும்பத்து மகளும் அடிமையும் ஒரே அரங்கில் இறந்தார்கள். அந்தக் காட்சியைப் பார்த்த ஊரில் மறுநாள் என்ன பேச்சு இருந்திருக்கும்!

ஆக, 311-இல் சாகும் தறுவாயில் பேரரசர் கலேரியஸ் துன்புறுத்தலை நிறுத்தி, உங்கள் கடவுளிடம் எங்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று ஆணையிட்டது, தோற்ற பேரரசின் குரல். கிறிஸ்தவம் சட்டப்படி ஏற்கப்பட்டது அப்போதுதான். கான்ஸ்டன்டைன் வென்று ரோமைக் கைப்பற்றிய மில்வியன் பாலப் போர் 312-இல், எல்லாருக்கும் வழிபாட்டு உரிமை தந்த மிலான் உடன்பாடு 313-இல். அவர் செய்ததைக் குறைத்துச் சொல்லவும் நான் தயாரில்லை. பறித்த சொத்துகளைத் திருப்பிக் கொடுத்தார், பெரிய ஆலயங்கள் கட்டினார், 325-இல் நிசேயாவில் பிஷப்புகளின் சங்கம் கூட்டினார். நான்காம் நூற்றாண்டில் கூட்டம் வேகமாகப் பெருகியதற்கு அரசின் தயவு பெரிய காரணம். 380-இல் பேரரசர் தியோடோசியஸ், நிசேயா சங்கம் வகுத்த விசுவாசத்தையே எல்லாரும் ஏற்க வேண்டும் என்று சட்டம் போட்டபின் வற்புறுத்தலும் கூடவே வந்தது. அலெக்சாந்திரியாவில் செராபிஸ் கோயில் இடிக்கப்பட்டது. 415-இல் தத்துவ அறிஞர் ஹைபேஷியாவைக் கிறிஸ்தவக் கும்பல் ஒன்று கொன்றது. துன்பப்பட்டவர்கள் துன்பப்படுத்துகிறவர்களானார்கள். கிறிஸ்தவனாக இதைச் சொல்ல எனக்கு வலிக்கிறது. ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும். உங்கள் கேள்வியில் இருக்கும் சந்தேகம் இந்த நூற்றாண்டுக்குப் பொருந்தும். முதல் மூன்று நூற்றாண்டுகளுக்குப் பொருந்தாது.

இன்னும் ஐயம் இருந்தால் ரோமின் எல்லைக்கு வெளியே பாருங்கள். இன்றைய துருக்கியின் தென்கிழக்கில் இருந்த எதெஸ்ஸா நகரில் 201-இல் வெள்ளம் வந்து கிறிஸ்தவர்களின் ஆலயத்தைச் சேதப்படுத்தியதாக அந்நகரின் வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது. ஆர்மீனிய அரசர் திரிதாத் ஞானஸ்நானம் பெற்றது 301-இல் என்பது அந்நாட்டு மரபு. ஜார்ஜிய அரச குடும்பத்தை மாற்றியவர் சிறைப்பட்டு வந்த ஒரு பெண். மிகப் பழைய வரலாற்றில் அவருக்குப் பெயரில்லை, நீனோ என்பது பிற்கால மரபு. எத்தியோப்பியாவின் அக்சும் அரசவையில் வளர்ந்த இன்றைய லெபனானில் உள்ள தீரு நகரத்துப் பையன் ஃப்ருமென்சியஸ், அங்கே வந்துபோன வணிகர்களுக்குத் தொழ இடம் ஏற்படுத்திக் கொடுத்தார். பின்பு அலெக்சாந்திரியாவின் பிஷப் அத்தனாசியஸ் அவரை பிஷப்பாக்கினார். அக்சும் அரசர் எசானாவின் காசுகளில் பிறையும் வட்டமும் போய்ச் சிலுவை வந்தது. பாரசீகத்தில் நடந்ததோ நேர் எதிர். ரோம் கிறிஸ்தவத்தை ஏற்றதனாலேயே அங்கிருந்த கிறிஸ்தவர்கள் ரோமின் ஒற்றர்களாகச் சந்தேகிக்கப்பட்டு, 340-ஐ ஒட்டி இரண்டாம் ஷாப்பூரின் காலத்தில் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். கான்ஸ்டன்டைன் அவர்களுக்குச் செய்த நன்மை அது! அப்படியும் அந்தச் சபை அழியவில்லை. 410-இல் பாரசீகத் தலைநகரான செலூக்கியாவில் சங்கம் கூட்டியது.

நம் கரைக்கும் கிறிஸ்தவர்கள் வணிகக் கப்பல்களின் வழியாகத்தான் வந்தார்கள். பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய யவனக் கப்பல்களை அகநானூறு பாடியிருக்கிறது. இயேசுவின் சீடர் தோமா 52-இல் முசிறிக்கு வந்தார், மயிலாப்பூரில் இறந்தார் என்ற மரபைக் கேரளக் கிறிஸ்தவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவருகிறார்கள். வரலாற்றாசிரியர்கள் அதில் இன்னும் உடன்படவில்லை. ஆறாம் நூற்றாண்டில் எந்த ஐயமும் இல்லை. அலெக்சாந்திரிய வணிகர் காஸ்மாஸ், மிளகு விளையும் மலபாரிலும், இலங்கையில் தங்கியிருந்த பாரசீக வணிகர்களிடையேயும் சபை இருந்ததாக எழுதுகிறார். இலங்கைச் சபைக்குப் பாரசீகத்தில் நியமிக்கப்பட்ட ஒரு மூப்பர் இருந்தார். 1912-இல் அநுராதபுர அகழாய்வில் கல்லில் செதுக்கிய ஒரு சிலுவை கிடைத்தது. அது அந்தப் பாரசீக வணிகர்களுடையதாக இருக்கலாம் என்பது பலரின் கருத்து. புத்த விகாரைகள் சூழ்ந்த அந்தத் தலைநகரில், பாரசீகத்திலிருந்து வந்த சில வணிகர்கள் எந்தப் பேரரசரின் துணையும் இல்லாமல் கூடித் தொழுதிருக்கிறார்கள்.